கட்டிப் பார்ப்பதும் காத்திருப்பதும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் இரும்புக்கால வீடு ஒன்றை அகழ்ந்தால், சுண்ணாம்பு நிலத்தில் வட்டமாக அமைந்த கருத்த கறைகளே பெரும்பாலும் கிடைக்கும். ஒவ்வொரு கறையும் ஒரு மரக்கம்பம் நட்டிருந்து மக்கிப்போன குழி. சுவர் எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு சரிவு, அடுப்புப் புகை எப்படி வெளியேறியது என்பதற்கு அந்தக் கறைகளில் விடை இல்லை. ஓவியர் தம் கற்பனையால் இந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். காகிதத்தில் எந்தக் கூரையும் சரிந்து விழாது. அதே அளவில், அதே வகை மரத்தாலும் மண்ணாலும் கட்டிப் பார்க்கும்போதுதான் எது நிற்கும், எது நிற்காது என்று தெரியவரும். சோதனைத் தொல்லியல் இங்கே தொடங்குகிறது.

1972இல் ஹாம்ப்ஷயரில் தொடங்கப்பட்ட பட்சர் பண்டைய பண்ணை இத்துறைக்குப் பெரிய பள்ளிக்கூடமாக விளங்கியது. அதை வழிநடத்திய பீட்டர் ரெனால்ட்ஸ் எதையும் கேள்வியோடுதான் தொடங்குவார். அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று தானியக் குழிகளைப் பற்றியது. டேன்பரி போன்ற இரும்புக்கால மலைக்கோட்டைகளில் இத்தகைய குழிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ஆனால் மழை மிகுந்த அந்த நாட்டில், ஈரக்கசிவுள்ள நிலத்தடிக் குழியில் தானியம் கெடாமல் இருக்குமா?

ரெனால்ட்ஸ் குழி வெட்டித் தானியம் நிரப்பி, வாயைக் களிமண்ணால் இறுக அடைத்தார். உள்ளே ஓரத்தில் ஈரச்சுவரைத் தொட்டிருந்த தானியம் முளைவிட்டது. முளைக்கும் விதை மூச்சு விடும். குழியிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பும். அதன்பின் பூச்சியும் பூஞ்சணமும் வளர வழியில்லை. ஓரத்து மணிகள் கெட்டு நடுவிலிருப்பவற்றைக் காத்தன என்றே சொல்லலாம். வசந்த காலத்தில் குழியைத் திறந்தபோது நடுவிலிருந்த தானியம் உண்ணவும் விதைக்கவும் தகுதியாக இருந்தது. அடைப்பில் விரிசல் விட்டாலோ நீர் புகுந்தாலோ கதை வேறு.

இங்கே நான் மதிப்பது விடையைவிட அதை அடைந்த முறையை. ஒரு குளிர்காலத்தில் தானியம் தப்பியது என்றால், அந்த ஆண்டு மழை குறைவாக இருந்ததுகூடக் காரணமாகலாம். அதனால் சோதனை ஆண்டுதோறும் திரும்பச் செய்யப்பட்டது. உள்ளிருக்கும் வாயுவும் வெப்பமும் அளக்கப்பட்டன. தோற்ற குழியின் குறிப்பும் வென்ற குழியின் குறிப்போடு சேர்ந்தே இருந்தது. தோல்வியை எழுதிவைக்காத இடத்தில் சோதனை நடந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டியதைப் பிரிக்கும்போதும் பாடம் இருக்கிறது. டார்செட்டின் பிம்பர்ன் என்னுமிடத்தில் அகழ்ந்த வீட்டின் அளவுகளைக் கொண்டு, ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள வட்ட வீடு ஒன்று 1976இல் பட்சரில் எழுந்தது. 1990இல் அதைக் கவனமாகப் பிரித்தார்கள். சில கம்பங்களின் அடிப்பகுதி மண்ணுக்குள் மக்கிப்போயிருந்தது. வீடோ உறுதியாக நின்றிருந்தது. மக்கிய இடத்தில் புதுமண்ணும் சிறு பொருள்களும் விழுந்து சேரும். அப்படிச் சேர்ந்தவற்றைக் கண்டதும், வீடு கைவிடப்பட்ட பிறகு வந்தவை என்று கணிப்பதே அகழாய்வாளர் வழக்கம். ஆட்கள் குடியிருக்கும்போதே அவை உள்ளே வந்திருக்கலாம் என்று இந்த வீடு காட்டியது. வெறும் காட்சிப்பொருளாக வைத்து, அழுகிய கம்பங்களை அவ்வப்போது சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

மரபுச் சின்னம் உள்ள இடத்திலேயே சோதனை செய்ய விரும்புவோர் கூடுதல் பொறுப்பு ஏற்கவேண்டும். நெருப்பு மூட்டிய மண் நிரந்தரமாகக் காந்தத் தன்மை பெறும். நிலத்தைத் தோண்டாமல் கருவி வைத்துத் தேடும் நாளைய ஆய்வாளருக்கு நேற்றைய அடுப்பும் ஈராயிரம் ஆண்டு அடுப்பும் ஒன்றுபோலவே தெரியலாம். புதுக்கரி பழங்கரியோடு கலந்தால் காலக்கணிப்பு குழம்பும். உலையில் இரும்பு உருக்கும்போது வரும் கசடு எளிதில் அழியாது. ஆகவே தொல்பொருள் இல்லை என்று உறுதியான நிலத்தில்தான் உலை எழவேண்டும். அடியில் ஆண்டு பொறித்த நாணயம் ஒன்றைப் போட்டுவைப்பது நல்ல வழக்கம். பார்வையாளருக்கான பலகையில், தரைப்படத்துக்குச் சான்று உண்டு, கூரை எங்கள் ஊகம் என்று பிரித்தே எழுதவேண்டும். வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தக் கூரையின் நினைவைத்தான் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இலங்கையின் சமனலவெவவில் நடந்தது இன்னொரு வகை. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் பல கிடைத்தன, கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றாலேயே இவை இயங்கின என்ற கருத்தை வல்லுநர் பலர் நம்பத் தயங்கினர். தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1994இல், அகழ்ந்தெடுத்த அளவுகளின்படி உலை கட்டி, பருவக்காற்று வீசும் காலத்தில் இரும்பு உருக்கினார். கிடைத்தவற்றில் கரிமம் மிகுந்த எஃகும் இருந்தது. 1996இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. உலை வேலை செய்தது என்பதால் மட்டும் முன்னோரும் அப்படியே செய்தார்கள் என்று ஆகிவிடாது. செய்திருக்க முடியும் என்பது வரைதான் சோதனையின் எல்லை. உலைகளின் வடிவமும் அவை காற்றை நோக்கி நிற்கும் திசையும் சேர்ந்து சாட்சி சொல்லும்போதுதான் அந்த முடிவு வலுப்பெறுகிறது.

இத்துறையின் பொறுமைக்கு ஓவர்டன் டவுன் மண்மேடுதான் உச்சம். 1960இல் வில்ட்ஷயரின் சுண்ணாம்பு நிலத்தில் பள்ளம் தோண்டி, அருகே கரை எழுப்பி, அதனுள் துணி, தோல், மரம், எலும்பு ஆகியவற்றைப் புதைத்தார்கள். 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் ஆண்டுகளில் வெட்டிப் பார்ப்பது திட்டம். 1963இல் டார்செட்டின் வேர்ஹம் பகுதி அமில மணலில் இதற்கொரு இணைமேடும் அமைந்தது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் எந்த மண் எதைக் காக்கும், எதைத் தின்னும் என்று சொல்லமுடியும். பள்ளத்தின் விளிம்புகள் முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரிந்தன. பிறகு புல் பிடித்து அடங்கின. ஓவர்டன் டவுனில் 128ஆம் ஆண்டுக்கான வெட்டு 2088இல் வரும். புதைத்தவர்களில் ஒருவரும் அன்று இருக்கமாட்டார். அதனால்தான் எந்தப் பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் உள்ளது என்பதை, தங்களை அறியாத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி அவர்கள் தொடக்கத்திலேயே எழுதி அச்சிட்டார்கள்.