கால் யாருடையது?

"இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்?"

எழுபது தாண்டியவர் முதுகெலும்பு ஆபரேஷன் என்று பேச்செடுத்தால், வீட்டில் முதலில் வரும் பதில் இதுதான். சொல்பவர் கெட்டவர் இல்லை. பயம். கூடவே கொஞ்சம் செலவுக் கணக்கு.

வயதாக ஆக, கீழ்முதுகில் நரம்புகள் இறங்கும் பாதை குறுகிவிடுவதுதான் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ். டிஸ்க் பிதுங்கி, தசைநார் தடித்து நரம்பை நெருக்கும். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்துக் கனக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். சைக்கிள் மிதிக்க முடிகிறவரால் தெருமுனை வரை நடக்க முடியாது! ஹெங்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு டாக்டர் 1954-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்.

ஆபரேஷனில், நெருக்கும் எலும்பையும் தசைநாரையும் செதுக்கி இடம் பண்ணுகிறார்கள். பெரும்பாலும் மறுநாளே நடக்கவைக்கிறார்கள். சில வாரம் கனம் தூக்கக் கூடாது. கால்வலி குறைகிற அளவுக்கு முதுகுவலியும் குறையும் என்று சத்தியம் பண்ண முடியாது. 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வருஷம் கழித்து ஆபரேஷன் கோஷ்டியும் பிசியோதெரபி கோஷ்டியும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன. ஆனால், பிசியோதெரபியில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் நடுவிலேயே ஆபரேஷனுக்குத் தாவிவிட்டார்கள்!

ஆக, விஞ்ஞானம் ஒரே பதிலைத் தரவில்லை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால் யோசிக்க நேரமில்லை, உடனே ஓட வேண்டும். மற்றபடி இதில் உயிர் போகாது. நடைதான் போகும். உயிர் போகாத நோய்க்கு ரிஸ்க் எடுக்கலாமா என்பதுதான் தர்மசங்கடம்.

நடை என்பது கோயில், பேப்பர் கடை, பார்க் பெஞ்சில் காத்திருக்கும் சிநேகிதர். யாரையும் கேட்காமல் வெளியே போய் வருகிற சுதந்திரம். அதன் மதிப்பை மகனோ மகளோ நிர்ணயிக்க முடியாது. "பேசாம பண்ணிக்கோங்கப்பா, பணம் நான் கட்டறேன்" என்று தள்ளுவதும் அதே தப்புதான்.

ஏதாவது ஏடாகூடமானால் பார்த்துக்கொள்ளப் போவது நாங்கள்தானே என்பீர்கள். நியாயம். அதனால் உங்களுக்குப் பேச உரிமை உண்டு. முடிவு செய்ய இல்லை.

டாக்டர் அறையில் பெரியவரை உட்காரவைத்துவிட்டு நாமே பேசி முடித்து விடுகிறோம். அடுத்த முறை போவதற்கு முன், வீட்டிலேயே அவரிடம் ஒன்று கேளுங்கள்: "நல்லா நடக்க முடிஞ்சா எங்கப்பா போவீங்க?"

பதில் வரும்வரை காத்திருங்கள்.