தானியக் காப்பும் உயிர்க் காப்பும்

இல்லறத்தாராகிய நாம் ஆண்டு உணவுக்கெனத் தானியம் சேர்த்து வைக்கிறோம். அதில் வண்டு விழுந்தபின் வெயிலில் கொட்டிக் காயவைப்பது கொலையாகுமா என்னும் ஐயம் நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதாகும். வண்டு இயங்குயிர். இயங்குயிரை எண்ணித் துணிந்து கொல்லாமை அணுவிரதங்களுள் முதலாவது. உண்ணாமல் வாழ்தலும் இயலாது. எனின், யாது செய்வது?

கொல்லிமலையை எண்ணிப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் குளிர்ந்த மலை அது. அரிசிக் கூன்வண்டு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விரைந்து பெருகும். 15 டிகிரிக்குக் கீழே அதன் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். ஆயினும் அக்குளிர் வண்டைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மூடுபனியோ தானியத்தில் ஈரமேற்றிப் பூஞ்சணத்துக்கு இடமளிக்கிறது. ஆகவே குளிர் நமக்குத் தருவது அவகாசம். அசட்டைக்கு உரிமை அன்று.

அந்த அவகாசத்தில் செய்யத்தக்கவை எளியவை. அறுவடையானவுடன் தானியத்தை நன்கு உலர்த்த வேண்டும். குதிரின் வெடிப்புகளை மண்ணும் சாணமும் கொண்டு அடைக்க வேண்டும். உலர்ந்த நொச்சியிலையோ வேப்பிலையோ இட்டால் பூச்சி அணுகத் தயங்கும். சாமையை உமியோடு வைத்து, வேண்டும்போது மட்டும் குத்திக்கொள்ளலாம். இறுகிய உமியே அதற்குக் கவசம். கேழ்வரகு மிகச் சிறு மணியாதலால் நெடுநாள் கெடாதிருக்கும்.

இங்கே அறநுட்பம் ஒன்று உண்டு. கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு அதனுள்ளேயே வளரும். ஒரு வண்டை நாம் காணும்போது, காணாத உயிர்கள் பல மணிகளுக்குள் இருக்கின்றன. ஆதலின் அறுவடைக்களத்தில் காப்பாக நின்ற அதே வெயில், வண்டு பெருகியபின் கொலைக்கருவியாகிறது. செயல் ஒன்றே, காலம் வேறு.

காலம் கடந்தபின் குற்றமற்ற வழி இல்லை. தீங்கு குறைந்த வழியே உண்டு. நிழலில் மெல்லச் சலித்து, வண்டுகளைத் தவிட்டோடு மரநிழலில் விடலாம். அவை பிழைக்கும் என உறுதி கூற இயலாது. பணிப்பெண்ணிடம் கொடுத்து, "வெயிலில் போடு" என்பதும் தப்பும் வழியன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே அன்றோ?

ஆரணியிலும் வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் வாழும் நமக்கு மலைக்குளிர் இல்லை. அவகாசம் குறைவு; எனவே விழிப்பு மிகுதியாக வேண்டும். தேவைக்கு மேல் சேர்க்காதிருத்தலும் இவ்விழிப்பில் அடங்கும். மிகுபொருள் விரும்பாமை கொல்லாமைக்குத் துணையாவது இங்ஙனமே. கொல்லாமை என்பது வண்டைக் கண்டபின் தோன்றும் இரக்கம் மட்டுமன்று. அது வருமுன் நாம் காட்டும் கவனமும் ஆகும்.