வாங்கியவனின் குற்றம்

ஜேர்மனியின் எர்பூர்ட் நகரில், பிற கட்டிடங்களுக்கிடையே ஒடுங்கியபடி ஒரு பழைய கற்கட்டிடம் நிற்கிறது. மத்தியகால யூதர் குடியிருப்பைக் காணவரும் உல்லாசப் பிரயாணிகளை வழிகாட்டிகள் இங்கே அழைத்து வருகின்றனர். அது யூதரின் தொழுகைக்கூடம். அதன் மிகப் பழைய பகுதி பதினோராம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. 2023இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

1349ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி இக்குடியிருப்பு அழிக்கப்பட்டது. ஐரோப்பாவெங்கும் கொள்ளைநோய்ப் பீதி நிலவிய காலம் அது. யூதர் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்ற பொய் நாடெங்கும் உலாவிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கொன்றவர்களைப் பற்றி நாம் வாதிட வேண்டியதில்லை. அவர்தம் குற்றத்தை மறுப்பார் இலர். நம்மைச் சிந்திக்க வைப்பவன் அவர்களுக்குப் பின்னால் வந்தவன். உரியோரற்ற கூடம் நகரசபையின் உடைமையாயிற்று. ஒரு வணிகன் அதனை விலைக்கு வாங்கினான். நிலவறை அமைத்துப் பண்டகசாலையாக மாற்றினான்.

அவன் செய்ததில் என்ன தவறு? விற்க உரிமையுள்ள சபை விற்றது. அவன் காசு கொடுத்து வாங்கினான். தான் வாங்காவிடின் இன்னொருவன் வாங்கியிருப்பான் என்றும் அவன் சொல்லக்கூடும். இவ்வாதத்தை நாம் எல்லாக் காலத்திலும், எல்லா நாட்டிலும் கேட்டிருக்கிறோம். சட்டம் இதை ஏற்கும். ஆயினும், கொலைகாரரின் வெறி ஒரு நாளில் அடங்கிவிட, அவர்கள் செய்ததை நிலைநாட்டியது இந்த அமைதியான கொடுக்கல் வாங்கலே அன்றோ? 1354இல் யூதர் சிலர் மீண்டும் அந்நகரிற் குடியேறினர். தம்மவர் தொழுத கூடம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே சரக்கு அடுக்கப்பட்டிருந்தது. அவர்களும் ஒரு நூற்றாண்டின் பின் வெளியேற நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் மேல்மாடி நடன மண்டபமாயிற்று. அங்கு ஆடியவர்களை நாம் குற்றஞ்சாட்டத் துணியோம். ஐந்நூறு ஆண்டுகளின் பின் காலடியில் இருப்பது என்னவென்று யார் அறிவார்? விந்தை என்னவெனில், அந்த மறதிதான் கட்டிடத்தைக் காத்தது. 1938 நவம்பரில் நாஜிகள் நகரின் புதிய தொழுகைக்கூடத்தை எரித்தபோது, இதனை இன்னதென அறியாமலே விட்டுவிட்டனர். இன்று அரும்பொருட்சாலையாகியுள்ள இக்கட்டிடத்தில் நடன மண்டபத்தின் அலங்காரங்களை அழித்துவிடாது விட்டுவைத்திருக்கிறார்கள். அச்செயல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவற்றைச் சுரண்டியெடுத்திருந்தால் இடைக்காலத்து உடைமையாளர் எல்லோரும் கதையிலிருந்து எளிதாகத் தப்பியிருப்பர்.

1998இல் அக்குடியிருப்பில் ஒரு வீட்டுச் சுவரின் கீழ் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளி நாணயங்களும் அணிகலன்களும் கிடைத்தன. அவற்றுள் ஒரு பொன் திருமண மோதிரம். அதில் வாழ்த்துச் சொல் எபிரேய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. வணிகன் தன் சரக்குக்காக அமைத்த அதே நிலவறையில்தான் அது இப்போது வைக்கப்பட்டிருக்கிறது. வாயிலிற் கட்டணம் செலுத்திவிட்டு நாம் அதன்முன் நிற்கிறோம். புதைத்து வைத்தவர் எடுத்துக்கொள்ளத் திரும்பி வரவில்லை.