சட்டாம்பிள்ளையின் கடன்

தானங்களில் பணத்தைக் கொடுப்பது சுலபம். கொடுத்த கையோடு விவகாரம் தீர்ந்துவிடுகிறது. வித்தையைக் கொடுக்கப் புறப்பட்டால் அது ஒரே நாளில் முடிகிற சமாசாரம் அல்ல.

2020-ஆம் வருஷம் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் பலர் முகமறியாத ஏழைக் குழந்தைகளுக்குக் கைபேசித் திரை வழியாகக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்க முன்வந்தார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் சல்மான் கான் (நடிகர் அல்ல, கான் அகாடமிக்காரர்) 'ஸ்கூல்ஹவுஸ்' என்ற இலவச இணைய வகுப்பை ஆரம்பித்தார். அங்கே பாடம் சொல்கிறவர்களில் பலர் பள்ளி மாணவர்களே.

நமக்கு இது புதிதா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789-இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மூத்த பையன்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். சீமையில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

'எல்லாம் காலேஜில் இடம் பிடிப்பதற்கு நற்சாட்சிப் பத்திரம் சேர்க்கிற வேலை' என்று சிலர் கேலி செய்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தக் கற்பித்தல் பதிவை விண்ணப்பத்தோடு ஏற்றுக்கொள்வது வாஸ்தவந்தான். இருக்கட்டுமே! வாத்தியார் சம்பளம் வாங்குவதில்லையா? பின்னங்களைக் கூட்டத் தெரிந்துகொண்ட குழந்தைக்குச் சொல்லித் தந்தவன் மனசைத் துருவிப் பார்த்து ஆகவேண்டியது என்ன?

என்னை உறுத்துவது வேறு விஷயம். சட்டாம்பிள்ளை அதே தெருப் பையன். ஓடி ஒளிய இடமில்லை. திரையில் வரும் அக்காவோ பரீட்சை நெருங்கியதும் சொல்லாமல் மறைந்துவிடலாம். இந்தப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே போன். வேலை முடிந்து அப்பா திரும்பிய பிறகு கெஞ்சி வாங்கி, சத்தம் கேட்காத மூலை தேடி உட்கார்ந்திருக்கிறது குழந்தை. அக்கா வரவில்லை. 'நெட் கிடைக்கலையோ என்னமோ' என்கிறாள் தாய். அடுத்த வாரமும் அப்படியே. அக்காவுக்குப் பரீட்சை என்று அதற்குத் தோன்றாது. 'எனக்குப் படிப்பு வராதுன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு' என்றுதான் தோன்றும். உதவி கிடைக்காத குழந்தைக்கு இல்லாத ஒரு துக்கத்தை, உதவி செய்ய வந்தவள் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

பதினேழு வயதின் தலையில் இத்தனை பாரமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். விளையாட்டு வயசு, அவர்களுக்கும் தேர்வு உண்டு, ஜுரம் உண்டு, அலுப்பு உண்டு. ஆனால் சொல்லிவிட்டுப் போவதற்கு எந்த வயசும் போதும் என்றே எனக்குப் படுகிறது.

எனக்குத் தெரிந்த பிளஸ் டூ பெண் ஒருத்தி ஜனவரியிலேயே தன் மாணவியிடம், "மார்ச் முடிகிறவரை வரமாட்டேன், ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஆறு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டதாம். ஏப்ரலில் இவள் ஐந்து நிமிஷம் முன்னதாகவே திரையைத் திறந்தாள். அந்தப் பக்கம் நோட்டில் கோடு போட்டுத் தயாராக இருந்தது.