விருந்தாளியாகப் போதல்

ஒரே மலையைப் பல பெயர்களால் அழைக்கும் நாடு நம்முடையது. பௌத்தர்களுக்கு அது ஸ்ரீபாத. இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். நமக்குப் பாவாதமலை. கிறிஸ்தவர்களில் சிலர் அங்குள்ளது புனித தோமையரின் சுவடு என்பர். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலை நாட்டின் அதியுயர்ந்த மலையுமன்று. பிதுருதலாகல மலை 2,524 மீற்றர். எனினும் உயரத்தால் முந்தியதை விட்டுவிட்டு மக்கள் காலங்காலமாக இதன் மீதே ஏறி வந்திருக்கிறார்கள். பிறருடைய வணக்கமும் நம்முடைய நினைவும் ஒரே பாறையில் சந்திக்கும் இத்தகைய இடத்துக்கு ஒரு முஸ்லிம் எந்த நிய்யத்தோடு போவது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி நூல்களிலிருந்து எழுந்ததல்ல. குடும்பத்தோடு கோச்சியில் ஹட்டன் வரை சென்று மலையைப் பார்த்துவரலாம் என்று வீட்டில் திட்டமிட்டபோது எழுந்தது. டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை மலைக்குப் பருவகாலம். எங்கள் கணக்கு டிசம்பர் விடுமுறையாக இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' சூறாவளி கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் மலையகப் புகையிரதப் பாதையைப் பல இடங்களில் சிதைத்ததால் பயணம் தள்ளிப்போனது. அதனால் யோசிக்க அவகாசம் கிடைத்தது.

யோசிக்க வேண்டிய காரணங்களை வீட்டாரும் நண்பர்களுமே தந்தார்கள். உம்மாவுக்கு இது சின்ன வயசு ஆசை. "ஆதம் நபி கால் வெச்ச மலையப் பாக்காமலே மவுத்தாகிருவனோ தெரியா" என்பார். மௌலவியாக இருக்கும் தம்பிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "காக்கா, மூணு பள்ளியைத் தவிர வேற இடத்துக்கு நன்மை தேடிப் பயணம் கட்டக்கூடாது எண்டு ஹதீஸ் இருக்கு. நீங்க வாத்தியார். உங்களப் பாத்து நாலு பேர் போவாங்க" என்றார். கூடப் படிப்பிக்கும் நண்பரோ அதற்கு நேரெதிர். "போகத்தான் வேணும் மச்சான். நாம போகாம விட்டா அதுவும் நமக்கில்லாமப் போயிரும்" என்றார். மகனுக்கு இவை எதுவும் பிரச்சினையில்லை. சூரிய உதயத்தைப் படமெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, ஒரு மலைக்கு நான்கு நிலைப்பாடுகள். புனிதம் தேடிப் போவது, போகாமலிருப்பது, உரிமை நாட்டப் போவது, வேடிக்கை பார்க்கப் போவது. ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் போதாமல் போகிறது.

தம்பியின் எச்சரிக்கையை இலேசாகத் தள்ளிவிட முடியாது. மஸ்ஜிதுல் ஹராம், மஸ்ஜிதுன் நபவி, மஸ்ஜிதுல் அக்ஸா ஆகிய மூன்றையும் சிறப்பித்துக் கூறும் அந்த ஹதீஸ் ஆதாரபூர்வமானது. அல்குர்ஆன் ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைச் சொல்கிறதேயன்றி, இறங்கிய இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஸரந்தீப் என்பது தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்த அறிவிப்புகளின் வழியாக வந்தது. ஆகவே அது நம்முடைய அகீதாவின் பகுதியன்று, நினைவின் பகுதி. நினைவை வணக்கமாக்கினால் தம்பி சொல்வதே சரி. ஆனால் நினைவு என்பதற்காக அதை அழித்துவிட வேண்டுமென்றும் மார்க்கம் சொல்லவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்கும்படி ஸூரத்துல் அன்கபூத் ஏவுகிறது. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டாமா என ஸூரத்துல் ஙாஷியா கேட்கிறது. பார்ப்பதற்கான பயணம் வேறு, வணங்குவதற்கான பயணம் வேறு. இரண்டையும் பிரிப்பது நிய்யத்.

நண்பரின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. கூரகலையில் உள்ள தப்தர் ஜெய்லானி பற்றிய சர்ச்சையை அறிந்த எவருக்கும் அந்த அச்சம் புரியும். ஆனால் பாவாதமலையில் உரிமை பேசப் புறப்படும் போது ஒரு வேடிக்கையான முரண்பாட்டில் சிக்கிக்கொள்கிறோம். ஆதம் (அலை) யாருடைய தந்தை? முஸ்லிம்களுக்கு மட்டுமா? அவரை மனித குலம் முழுவதற்கும் தந்தை என்று நம்புவதே நம் ஈமான். 'சாது சாது' என்று சொல்லிக்கொண்டு படியேறும் சிங்களக் கிழவியும், 'அரோகரா' சொல்லும் தோட்டத் தொழிலாளியும், நம் நம்பிக்கையின்படியே, ஆதமின் மக்கள்தாம். தகப்பனின் கால் பட்ட இடத்தை ஒரு பிள்ளை மட்டும் தன் பெயருக்கு உறுதி எழுதக் கேட்பது நியாயமில்லை. நம்முடைய நினைவு சரியென்றால் அந்த மலை எல்லோருக்கும் உரியது. சரியில்லையென்றால் உரிமை கோர ஒன்றுமில்லை. எப்படிப் பார்த்தாலும் 'எனது' என்று சொல்ல இடமில்லை.

மகனின் நிலைப்பாடு குற்றமற்றதாகத் தோன்றும். ஆனால் பிறர் கண்ணீரோடு கும்பிட்டு நிற்கும் இடத்தில், அவர்களைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துத் திரும்புவதில் ஒரு மரியாதைக் குறைவு இருக்கிறது. நம் ஜும்ஆவை யாரும் அப்படிப் பார்ப்பதை நாம் விரும்புவோமா?

இந்த நான்கும் போதாதபோது ஐந்தாவது ஒன்றைக் காட்டியவர் இப்னு பதூதா. 1344இல் அவர் புத்தளக் கரையில் இறங்கி, ஆரிய சக்கரவர்த்தி என்ற மன்னனைச் சந்தித்தார். மன்னன் முத்துக்கள் கொடுத்தான். அவரோ, தான் இத்தீவுக்கு வந்ததன் நோக்கம் ஆதமின் பாதச் சுவட்டைக் காண்பது மட்டுமே என்றார். மன்னன் அவரைப் பல்லக்கில் அனுப்பினான். வழித்துணையாக ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் ஆட்கள் பதின்மர், உணவு சுமக்கப் பதினைவர். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகிகளும் பிராமணரும் வழி காட்டினர். அவர் தம்முடைய நோக்கத்தை மறைக்கவுமில்லை, அவர்களுடைய நோக்கத்தை மறுக்கவுமில்லை. மலையேற உதவும் பத்துச் சங்கிலிகளைப் பற்றி எழுதும்போது, பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர் என்கிறார். அங்கு நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவேனோ என்று அஞ்சிக் கலிமாச் சொல்வானாம். நம் கலிமா அந்த மலையில் உரிமைப் பத்திரமாக அல்ல, அச்சத்தில் நடுங்கும் மனிதனின் நாவில் இருந்திருக்கிறது.

அவர் சொல்லும் இன்னொரு கதை இதைவிட முக்கியம். பாதச் சுவட்டுக்கான அந்த வழியை முஸ்லிம்களுக்கு முதலில் திறந்தவர் ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் என்ற ஷீராஸ் நகரப் பெரியார். அவரும் தோழர்களும் காட்டில் வழி தவறிப் பசியால் வாடினர். ஷைகு தடுத்தும் கேளாமல் தோழர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து தின்றவர்களைக் கொன்றன. தின்னாத ஷைகை ஒரு யானை தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் மக்கள் வாழுமிடத்தில் இறக்கியது. அதன் பின்னரே இத்தீவின் மக்கள் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்தி வீடுகளில் தங்கவைத்தார்கள் என்கிறார் இப்னு பதூதா. இது நடந்ததா என்பது வேறு விஷயம். கதையின் உட்கருத்து தெளிவானது. அந்த இடத்தில் தனக்குரியதல்லாததைத் தின்னாதவன் சுமந்து செல்லப்பட்டான். விருந்தாளியின் ஒழுக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். வணங்குபவனாக, உரிமையாளனாக, வேடிக்கை பார்ப்பவனாக அல்லாமல் விருந்தாளியாகப் போவது.

இங்கே வாசகர் முகம் சுளிக்கக்கூடும். 'நீங்கள் இந்நாட்டின் விருந்தாளிகள், விருந்தாளிகளாகவே இருந்துகொள்ளுங்கள்' என்று நம்மைப் பார்த்துச் சொல்லும் குரல்கள் புதியவை அல்ல. 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும், 2019க்குப் பின்னர் பல ஊர்களிலும் அந்தக் குரல் கல்லாகவும் தீயாகவும் வந்தது. அப்படியிருக்க நாமே நம்மை விருந்தாளி என்று சொல்லிக்கொள்ளலாமா?

இது நியாயமான ஆட்சேபம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாட்டில் விருந்தாளி என்பது பிறர் நம்மேல் சுமத்துவது, நம் பிரஜாவுரிமையைப் பறிப்பது. அதை ஏற்கவே முடியாது. ஓர் இடத்துக்கு விருந்தாளியாகப் போவது நாமாக விரும்பி மேற்கொள்ளும் ஒழுக்கம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வீடுள்ளவன்தான் விருந்துக்குப் போக முடியும். வீட்டிலிருந்து விரட்டப்பட்டவனை யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை. அவனுக்குப் பெயர் அகதி. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களைக் கேட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்வார்கள். ஆகவே 'இந்த நாடு என் வீடு' என்று நிமிர்ந்து சொல்லக்கூடியவனே 'இந்த முற்றம் உங்களுடையது, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன்' என்று தாழ்ந்தும் சொல்ல முடியும். முதலாவது இல்லாமல் இரண்டாவது அடிமைத்தனம். இரண்டாவது இல்லாமல் முதலாவது அகம்பாவம்.

இந்த ஒழுக்கம் மலை உச்சியில் தொடங்குவதில்லை. பயணத்தைத் திட்டமிடும்போதே தொடங்குகிறது. நம் ஊர்களில் சுற்றுலா என்றால் வேன் பிடிப்பதுதான். சோற்றுப் பானை, பாய், பாட்டு, சொந்தக்காரர் எல்லாம் ஏறிக்கொள்ளும். வீட்டையே தூக்கிக்கொண்டு போய் இன்னோரிடத்தில் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவோம். வழியில் ஒரு மனிதனோடும் பேசியிருக்க மாட்டோம். கோச்சியில் அது நடவாது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வண்டியில் புறப்பட்டுப் பொல்கஹவெலயில் இறங்கி, மலையக வண்டிக்கு மாற வேண்டும். றம்புக்கனைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும். கடுகண்ணாவை, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை கடந்து ஹட்டன். எதிர் ஆசனத்தில் யார் இருப்பார் என்பது நம் கையில் இல்லை. அவருக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும், அவர் நீட்டும் கடலையை வாங்கிக்கொள்ள வேண்டும். என் மனைவிக்கு அபாயாவோடு அந்தப் பெட்டியில் இருப்பது பற்றிய தயக்கம் 2019இலிருந்து இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆயினும் நம்மைப் பார்த்தறியாதவர்கள் நம்மைப் பற்றிக் கேட்டதையே நம்புவார்கள். ஆறேழு மணி நேரம் எதிரெதிரே இருந்து பிள்ளைகளுக்குச் சோறூட்டுவதைப் பார்த்தவர் கேட்டதையெல்லாம் நம்பமாட்டார்.

அந்தப் பாதையும் நமக்கு ஒரு கடனை நினைவூட்டுகிறது. 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த அந்தத் தண்டவாளம் உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகப் போடப்பட்டது. ஜன்னலில் நாம் ரசிக்கும் பச்சை, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பு. 2025இன் மண்சரிவுகள் அந்தச் சரிவுகளில் வாழ்ந்தவர்களைத்தான் முதலில் மூடின. மையித்து வீட்டுக்குப் போகும் அடக்கத்தோடு அந்த மலைநாட்டுக்குள் நுழைய வேண்டிய காலம் இது.

மலையில் நடந்துகொள்ளும் முறையையும் வீட்டில் பேசித் தீர்த்துக்கொண்டோம். செருப்புக் கழற்றச் சொல்லும் இடத்தில் கழற்றுவோம். நம் பள்ளிவாசலில் நாம் எதிர்பார்ப்பது அதுதானே. உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறினார்களோ அத்தனை தரம் யாத்திரிகர் அதை அடிப்பர். மகன் அடிக்கக் கேட்டான். வேண்டாம் என்றேன். மணி ஹராம் என்பதற்காக அல்ல. அது அவர்களுடைய நேர்த்தியின் கணக்கு, நமக்கு அதில் பற்று வரவு இல்லை. சுவட்டுக்கு முன்னால் பூ வைக்கவும் மாட்டோம், வைப்பவரைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டோம். பிறர் அழைத்துப் பிரார்த்திப்பவற்றை ஏசாதீர்கள் என்பது ஸூரத்துல் அன்ஆமின் கட்டளை. தன்சலில் பிளேன்ரீ தந்தால் வாங்கிக் குடித்து நன்றி சொல்வோம். ஸுபஹுத் தொழுகையை விடமாட்டோம். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஆலய முற்றத்தின் நடுவே அல்லாமல், படிவழியில் நெரிசலில்லாத ஓர் ஓரத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொழுவோம். தம்பி இதில் ஒன்றை மட்டும் மறுத்தார். தன்சல் பூஜையின் பகுதியில்லையா என்றார். தாகித்தவனுக்குக் கொடுக்கும் ரீ என்பது என் வாதம். அவர் வந்தால் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவார். அதிலும் தவறில்லை. விருந்தாளி எல்லாவற்றையும் உண்ண வேண்டுமென்பதில்லை. உண்ணாததைப் பழிக்காமலிருந்தால் போதும்.

மிகுந்த ஆசையுள்ள உம்மாவுக்குத்தான் முழங்கால் இல்லை. நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அவர் அடிவாரத்தில் தங்குவார். அவரோடு ஒருவர் முறைவைத்துத் தங்குவோம். தொழுகை நடத்தும் இமாமே பலவீனரையும் முதியவரையும் எண்ணித் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். தொழுகைக்கே அந்தச் சட்டமென்றால் ஒரு மலையேற்றத்துக்கு வேறென்ன? உம்மா கேட்டது ஒன்றேயொன்று. "கீழ இருந்து பாத்தாலும் பாத்த கணக்குத்தானே, மகன்?" செயல்கள் எண்ணங்களைக் கொண்டே என்று படித்தவர்கள் நாம். அவருக்கு வேறு பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

விடியும்போது அந்த மலையின் நிழல் ஒரு முக்கோணமாக மேற்கே நீண்டு விழும் என்கிறார்கள் பார்த்தவர்கள். நிழல் விழும் நிலத்தில் எல்லா மதத்தவரின் ஊர்களும் இருக்கின்றன. சூரியன் மேலேறியதும் நிழல் சுருங்கிவிடும். வந்தவர்கள் இறங்கிவிடுவார்கள். மலை யாரோடும் வராது. ஆதமின் மக்கள் எல்லோருமே இப்பூமிக்குச் சிறிது காலத் தங்கலுக்கு அனுப்பப்பட்டவர்கள்தாம் என்று அல்குர்ஆன் சொல்கிறது. அந்த வகையில் விருந்தாளியாகப் போதல் நாம் மற்றவர்களுக்குச் செய்யும் சலுகையன்று. நம் உண்மையான நிலையை ஒரு நாளைக்காவது உணர்ந்து நடப்பது, அவ்வளவே.