ஆக்கமும் வகுத்தலும்

ஒரு நாட்டின் உயர்வை எதனைக் கொண்டு அளப்பது? விளைநிலத்தின் பரப்பும் கருவூலத்தின் நிறைவும் முற்காலத்து அளவுகோல்கள். இக்காலத்தில், புதியன கண்டு அவற்றைப் பயன்கொள்ளும் ஆற்றலாகிய புத்தாக்கமும் ஓர் அளவுகோலாக அமைந்துள்ளது. உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனம் வெளியிடும் உலகப் புத்தாக்கக் குறியீட்டில், 2024ஆம் ஆண்டில் 133 பொருளாதாரங்களுள் மலேசியா 33ஆம் இடத்தைப் பெற்றது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும், புத்தாக்கம் உயர்ந்தால் மக்களின் வருவாயும் கல்வியும் நலவாழ்வும் தாமே உயர்ந்துவிடுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்குறியீட்டின் முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் செல்வ நாடுகளே. சுவிட்சர்லாந்து 2011ஆம் ஆண்டு முதல் முதலிடத்தில் உள்ளது. இதனைக் கண்டு, புத்தாக்கமே செல்வத்திற்குக் காரணம் என்பார் பலர். செல்வம் இருப்பதாலன்றோ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க முடிகின்றது என்று மறுப்பார் சிலர். இரண்டு எண்கள் சேர்ந்து உயர்வதனாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. ஜப்பான் 1872ஆம் ஆண்டிலேயே நாடு முழுமைக்குமான கல்விச் சட்டத்தை வகுத்தது. அதன் தொழில்வலிமை பின்னரே வளர்ந்தது. கேரளமோ, பெருந்தொழில் வளம் இல்லாத நிலையிலும், 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டு எழுத்தறிவைப் பெற்றிருந்தது. எனவே இந்த அளவுகள் ஒன்றோடொன்று தாமே பிணைந்தவை அல்ல. அவற்றைப் பிணைப்பது மனிதர் எடுக்கும் முடிவேயாகும்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் முன்னோர் வியர்வை சிந்திய தோட்டங்களே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டார். 1925ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. தேர்ந்தெடுத்த ஒட்டு மரங்கள் பழைய மரங்களினும் பன்மடங்கு பால் தந்தன. அதே காலத்தில், கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஆனால் பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே நின்றது. மரத்தை ஆராய அறிஞர் குழு இருந்தது. அம்மரத்தைச் சீவியவரின் குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் போதிய ஆசிரியர் இல்லை. புத்தாக்கம் இருந்தும் ஏனைய அளவுகள் உயராமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் ஜொகூர் மாநிலமே மற்றொரு சான்றினைத் தருகின்றது. செம்பனையின் பெண்பூவில் மகரந்தத்தைக் கையால் தூவும் பணி ஒரு காலத்தில் தோட்டங்களில் நடந்தது. மகரந்தத் தூளை ஏந்தி, மரம் மரமாகச் சென்று, பூ ஏற்கும் நிலையில் உள்ளதா என நோக்கித் தூவுவர் தொழிலாளர். கேமரூன் நாட்டில் அப்பணியைச் சிறு வண்டு ஒன்று செய்வதைப் பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையது ஆராய்ந்து நிறுவினார். 1981ஆம் ஆண்டில் அவ்வண்டு குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் விடப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பம் எங்கும் பரவியது. குலைகள் கனத்தன, பருப்பு மிகுந்தது, கையால் தூவும் செலவு ஒழிந்தது. அறிவியலின் அரிய வெற்றி இது என்பதில் ஐயமில்லை.

அந்த வெற்றியின் பயன் சென்ற வழிகளை நோக்குவோம். 1956ஆம் ஆண்டில் தோன்றிய பெல்டா நிறுவனம், நிலமற்றோரைக் குடியேற்றி, ஏறத்தாழப் பத்து ஏக்கர் அளவில் நிலம் பகிர்ந்தது. குளாய் அருகே தாயிப் அண்டாக் குடியேற்றத்தில் 1960-களில் செம்பனை வளர்ந்தது. அத்தகைய குடியேற்றவாசிக்குக் குலை கனத்தால் தன் வருவாய் கனக்கும். தோட்டத்து நாட்கூலியின் நிலை வேறு. குலை கனத்ததால் வந்த ஆதாயம் உடைமையாளருடையது. தூவும் வேலை போனதால் வந்த இழப்பு அவருடையது. அவர் குடியிருந்த வீடும் வேலையோடு ஒட்டியதாதலின், வேலை போனால் வீடும் போகும். வண்டு ஒன்றே, பூவும் ஒன்றே. பயன் வேறுபட்டதற்குக் காரணம், நிலம் யாருடையது, உரிமை யாருக்கு என்னும் ஏற்பாடுதான். அவ்வேற்பாட்டை வண்டு செய்யவில்லை.

முறையான ஏற்பாடு இருந்தால் எல்லா அளவுகளும் சேர்ந்து உயரும் என்பதற்கும் நம் நாடே சான்று. 1970ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவின் வறுமை 49.3 விழுக்காடு. அடுத்த இருபது ஆண்டுகளில் அது பெரிதும் தாழ்ந்தது. புதிய பயிரும் புதிய தொழிலும் அதற்குத் துணைநின்றன. நாட்டுப்புறப் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் சாலைகளும் நிலப்பகிர்வும் அவற்றோடு சேர்ந்தே அப்பயனைத் தந்தன.

"முதலில் செல்வம் பெருகட்டும், பகிர்வதைப் பிறகு பார்ப்போம்" என்பாரும் உளர். பெருகாத செல்வத்தைப் பகிர முடியாது என்பது உண்மையே. எனினும், புத்தாக்கக் குறியீடே பள்ளியில் பயிலும் ஆண்டுகளையும் ஓர் ஆசிரியருக்குரிய மாணவர் எண்ணிக்கையையும் புத்தாக்கத்தின் உள்ளீடுகளாகக் கணக்கிடுகின்றது. இன்று படிப்பைத் தவறவிட்ட பிள்ளை, நாளை நாடு இழக்கும் ஓர் ஆராய்ச்சியாளன் ஆகலாம். பகிர்வைத் தள்ளிவைக்கும் நாடு தன் புத்தாக்கத்தின் வேரையே வறளவிடுகின்றது.

வள்ளுவப் பெருந்தகை இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் கடன் நான்கு என்றார்: பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையே பகுத்து வழங்கல். புத்தாக்கம் இந்நான்கனுள் முதலாவது. அதனை முதலில் வைத்ததால், ஆக்கத்தை அவர் இகழவில்லை என்பது தெளிவு. நான்காவதையும் சேர்த்துக் கூறியதால், முதலாவதோடு நின்றுவிட்ட அரசை அவர் வல்லரசாக ஏற்கவில்லை என்பதும் தெளிவு.

இதில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. அண்மைக் காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வென்று திரும்புகின்றனர். அவர்தம் திறமை போற்றற்குரியது. அப்பதக்கத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டும்போது, அதே பள்ளியில் நான்காம் ஆண்டிலும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையையும் நாம் எண்ணல் வேண்டும். ஐந்து மாணவர்க்குச் செலவிட்ட மாலைப்பொழுதுகளுள் ஒன்றையேனும் அப்பிள்ளைக்கு ஒதுக்குதல் வேண்டும். வகுப்பில் ஒரு புதுமையைக் கற்பிக்கும்போது, "இதனை யார் கண்டார்?" என்பதோடு, "இதனால் யார் பயன்பெற்றார்? யார் வேலையிழந்தார்? அவர்க்கு நாடு என்ன செய்தது?" என்னும் வினாக்களையும் மாணவர் கேட்கப் பழக்குதல் வேண்டும். அவ்வாறு கேட்டு வளரும் தலைமுறை புதியன காணும்போது, அதன் பயன் கடைசி வீட்டுக்கும் சென்று சேரும் வழியையும் உடன் காணும்.