தலைமுடியும் காணிக்கையும்

தெய்வ சந்நிதியில் முடி காணிக்கை செலுத்துகிறவன் உண்மையில் எதைக் கொடுக்கிறான் என்னும் கேள்வி, பழனி அடிவாரத்திலும் திருப்பதி மலையிலும் சமயபுரத்திலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மொட்டைத் தலையோடும் அதில் பூசிய சந்தனத்தோடும் திரும்பி வருவதைக் காண்போர் உள்ளத்தில் ஒருமுறையேனும் எழாமல் இராது. வெட்டினால் வலியில்லை, வெட்டியது மீண்டும் வளர்ந்துவிடும், ஆறு மாதம் பொறுத்தால் கொடுத்ததன் சுவடே தெரியாது, இப்படிப்பட்ட ஒன்றைக் கொடுப்பது தியாகம் ஆகுமா, அல்லது தியாகத்தின் பாவனை மட்டுந்தானா என்று ஆக்ஷேபிப்பவர்கள் நாஸ்திகர்கள் மட்டுமல்லர். தலையை மழிப்பதும் சடை வளர்ப்பதும் ஒழுக்கம் உடையவனுக்கு அவசியமில்லை என்று கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திலேயே திருவள்ளுவர் சொல்லிவிட்டார். ஆகவே இந்த ஆக்ஷேபம் பழமையானது, நேர்மையானது, பதில் பெறத் தகுதியுடையது. அதற்குப் பதில் தேடுகிறவர்கள் வழக்கமாகச் சாஸ்திரத்தைப் புரட்டுகிறார்கள். நான் முதலில் சரீர சாஸ்திரத்தைப் புரட்ட விரும்புகிறேன். கொடுக்கப்படும் பொருள் இன்னதென்று அறியாமல் கொடையின் தன்மையை நிர்ணயிப்பது எவ்வாறு?

புருவ மேட்டிலிருந்து பிடரி எலும்பின் விளிம்பு வரையில் கபாலத்தைப் போர்த்திருக்கும் தலைத்தோல், வெளிக்கு ஒரே தோலாகத் தோன்றினாலும், ஐந்து அடுக்குகளால் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலே சருமம். அதன் கீழே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகிற அடர்ந்த நார்ப்படலம். அதற்கும் கீழே, நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் உச்சியின் வழியாக இணைக்கும் உறுதியான தசைநார் விரிப்பு. இம்மூன்றும் ஒன்றையொன்று பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திருப்பதனால்தான், வியப்பிலே நாம் புருவத்தை உயர்த்தும்போது தலைத்தோல் முழுவதும் சேர்ந்து நகர்கிறது. அவ்வாறு நகர்வதற்கு இடங்கொடுப்பது நான்காவதாகிய தளர்ந்த இழையடுக்கு. ஐந்தாவது, எலும்போடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சவ்வு.

இந்த அமைப்பில் இரண்டு விசேஷங்களை மாத்திரம் சொல்கிறேன். நாவிதரின் கத்தி சற்றே தவறி உச்சந்தலையில் ஒரு கீறல் விழுந்தால், கையிலோ காலிலோ விழுந்த அதே அளவுக் கீறலைக் காட்டிலும் பன்மடங்கு இரத்தம் பெருகுகிறது. காரணம், இரண்டாவது அடுக்கிலுள்ள குழாய்களின் சுவர்கள் சுற்றியுள்ள நார்களோடு இறுகப் பற்றுண்டு கிடப்பதனால், மற்ற இடங்களில் அறுபட்ட குழாய் சுருங்கித் தன்னைத்தானே அடைத்துக்கொள்வதுபோல இங்கே சுருங்க இயலாமல் வாய் திறந்தபடியே நின்றுவிடுகிறது. அப்போது அனுபவமுள்ள நாவிதர் பதறாமல் கட்டைவிரலால் அந்த இடத்தைக் கபாலத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அசையாதிருப்பார். வைத்தியரும் முதலில் செய்வது அதுவே. மற்றொரு விசேஷம், நான்காவது அடுக்கைப் பற்றியது. உச்சியிலே அடிபட்ட குழந்தைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண்ணிமை கறுத்து வீங்குவதைக் கண்டு தாய்மார்கள் திகிலடைகிறார்கள். கண்ணில் அடியே படவில்லை. நெற்றித் தசை முன்புறத்தில் எலும்போடு ஒட்டாமல் தோலோடு மாத்திரம் ஒட்டியிருப்பதால், தளர்ந்த அடுக்கில் கசிந்த இரத்தம் தடையின்றி வழிந்து இமைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அடுக்கின் ஊடே செல்லும் சிறு சிரைகள் எலும்பிலுள்ள துவாரங்களின் வழியாக மூளையைச் சூழ்ந்த இரத்தப் பாதைகளோடு கலக்கின்றன. அதனால்தான் தலைத்தோலில் சீழ் கட்டினால் வைத்தியர்கள் அதை அலட்சியம் செய்வதில்லை. புறம் என்று நாம் எண்ணும் தோலுக்கும் அகம் என்று எண்ணும் மூளைக்கும் இடையே அத்தனை வழிகள் திறந்திருக்கின்றன.

இத்தனை உயிர்ப்பும் உதிரமும் நிறைந்த நிலத்தில்தான் ஏறத்தாழ ஒரு லக்ஷம் முடிகள் முளைத்திருக்கின்றன. ஒவ்வொரு முடியும் தனக்கென்று ஒரு மயிர்க்காலை உடையது. அந்த மயிர்க்காலின் அடியிலுள்ள குமிழில்தான் உயிரணுக்கள் இடைவிடாமல் பெருகுகின்றன. அங்கே பிறந்த அணுக்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கெரட்டின் என்னும் பொருளால் நிரம்பி இறுகி, சருமத்தின் வாயிலை எட்டுமுன்னரே மரித்துவிடுகின்றன. மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவில் இவ்வாறு வளர்கிற முடி, 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பின்பு சில வாரங்களில் வளர்ச்சி ஒடுங்கி, ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்திருந்து, தானே உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை நாம் அறியாமலே சீப்பிலும் தலையணையிலும் விட்டுவிட்டுப் போகிறோம். மயிர்க்காலைச் சுற்றி நரம்பு முனைகள் பின்னிக் கிடப்பதனால் முடியை இழுத்தால் வலிக்கிறது. முடிக்குள்ளே நரம்பு இல்லாமையால் அறுத்தால் வலிப்பதில்லை.

ஆகவே சரீர சாஸ்திரம் ஆக்ஷேபிப்பவர் பக்கமே பேசுகிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்தன் கொடுப்பது ஏற்கெனவே உயிர் நீங்கிய பொருள். உயிருள்ள வேர் சருமத்துக்கு அடியில் பத்திரமாக அவனிடமே தங்கிவிடுகிறது.

இந்த உண்மையைப் பௌத்தர்கள் நம்மைவிட நேருக்கு நேராக நோக்கினார்கள். தேரவாத மரபிலே ஒருவன் சங்கத்தில் சேரும்போது, தலைமுடி, உடல் மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தையும் வரிசையாகவும் பின்பு தலைகீழாகவும் உச்சரித்துத் தியானிக்கும்படி ஆசாரியர் அவனுக்கு உபதேசிக்கிறார். கண்ணாடியில் தெரிகிற மனிதன் என்று நாம் எவனைக் கொண்டாடுகிறோமோ, அவன் பெரும்பாலும் இந்த ஐந்தே என்பதும், அவற்றுள் கண்ணுக்குத் தெரியும் பகுதி பெரும்பாலும் உயிரற்றது என்பதும் அந்த உபதேசத்தின் உட்கருத்து. தோலின் மேற்பரப்பும் நகமும் முடியைப்போலவே மரித்த அணுக்களால் ஆனவைதாம். நாம் காதலித்ததும் பகைத்ததும் அழகென்றும் அவலக்ஷணமென்றும் பிரித்ததும் இந்த உயிரற்ற மேற்பூச்சை வைத்தே என்று நினைக்கும்போது, அந்தப் பழைய ஆசாரியர்களின் கூரிய பார்வைக்கு எவரும் தலைவணங்கவே வேண்டும்.

ஜைன முனிவர்கள் வேறு வழி கண்டார்கள். கத்தியைத் தொடாமல், தம் கையாலேயே தம் தலைமுடியையும் தாடியையும் பறித்துக்கொள்ளும் கேசலோசம் அவர்களுடைய விரதங்களுள் ஒன்று. இன்றும் திகம்பர முனிவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை அதைக் கைக்கொள்கிறார்கள். தருமசேனர் என்ற பெயரோடு சமண சமயத்தில் வாழ்ந்த நாளில் நம் திருநாவுக்கரசரும் அதை அனுபவித்தவரே. இங்கே வலி இல்லையென்று சொல்வதற்கு இடமில்லை; வேரோடு பிடுங்கப்படுவதால் நரம்பு முனைகள் அத்தனையும் துடிக்கின்றன. அந்த மன உறுதியை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆயினும் வலி மிகுந்தால் காணிக்கை உயர்ந்தது, வலி குறைந்தால் காணிக்கை தாழ்ந்தது என்று அளக்கப் புகுந்தோமானால், பல் வலியில் துடிப்பவன் பெரிய தபஸ்வியாகிவிடுவான். வலி அளவுகோலாகாது, மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது.

அது எங்கே இருக்கிறதென்று அறிய, முடி இறக்கும் கொட்டகையில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். நடுத்தர வயதுள்ள ஒரு பெண், நாவிதர் முன்னிலையில் மனைமீது அமர்கிறாள். முழங்கால் அளவு நீண்ட கூந்தலை அவளே அவிழ்த்துவிடுகிறாள். செம்பு நீரை உச்சியில் ஊற்றி விரல் நுனிகளால் அழுத்தித் தேய்த்து மயிர்க்காலை நனைத்தபின், நாவிதர் உச்சியில் கத்தியை வைத்து நெற்றியை நோக்கி இழுக்கிறார். ஈரமான கூந்தல் பாரத்தோடு மடியில் விழுகிறது. அவள் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்து எழுந்தபோது அவள் கை தன்னிச்சையாகப் பிடரிக்குச் சென்று, கொண்டையை முடிய முயன்று, அங்கே ஒன்றும் இல்லையென்று அறிந்து நின்றுவிடுகிறது. பின்பு அவள் சிரிக்கிறாள். அவள் கொடுத்தது மரித்த கெரட்டின் அல்ல என்பது அந்தக் கணத்தில் விளங்கிவிடுகிறது. பிறர் கண்ணில் தான் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று முப்பது நாற்பது ஆண்டுகளாகக் காத்துவந்த உரிமையை அவள் கொடுத்திருக்கிறாள். இனி ஊர் திரும்பி, தெருவிலும் கிணற்றடியிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் அந்தத் தலையோடு நிற்க வேண்டியவள் அவளே. முடி வளர்வதற்கு ஆகும் அத்தனை மாதமும் காணிக்கை நடந்துகொண்டேயிருக்கிறது. வளர்ந்துவிடும் பொருள் என்பதனால் அதன் மதிப்புக் குறைவதில்லை. அகங்காரத்துக்கு மிக அண்மையில், ஆனால் உயிருக்கு ஊறின்றி, ஒரு மனிதன் தன்னிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள் வேறு எது உண்டு? கண்ணையும் விரலையும் கேட்காமல் முடியைக் கேட்கும் தெய்வத்தின் கருணையை நான் இந்தச் சரீர அமைப்பிலேயே காண்கிறேன்.

இப்படிச் சொன்ன மாத்திரத்தில் அதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். மதிப்பு முழுவதும் கொடுப்பவரின் சம்மதத்தில் இருக்குமாயின், சம்மதமின்றி மழிக்கப்பட்ட தலை எதனைச் சேர்ந்தது? பெரியபுராணத்தில் மானக்கஞ்சாற நாயனாரின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் இந்தக் கேள்வி என்னை வருத்தியிருக்கிறது. மணநாளில் மகாவிரதி வேடத்தில் வந்த இறைவன், தம்மை வணங்கிய மணமகளின் கூந்தல், மயிரால் ஆன பூணூலாகிய பஞ்சவடிக்கு ஆகும் என்கிறார். தந்தையாகிய நாயனார் அக்கணமே அதை அரிந்து கொடுத்துவிடுகிறார். அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொடுத்தவர் தந்தை, கூந்தல் மகளுடையது. அன்று இறைவன் அருளால் அவளுடைய கூந்தல் மீண்டும் வளர்ந்தது என்று புராணம் முடிவதே, அவளுக்குத் திருப்பித் தரவேண்டியது ஒன்று இருந்தது என்பதற்குச் சாக்ஷியாக எனக்குப் படுகிறது.

புராணத்தில் நேர்ந்தது திருப்பித் தரப்பட்டது. நம் வீடுகளில் நேர்ந்தது தரப்படவில்லை. கணவனை இழந்த பெண்ணை, அவள் பத்து வயதுச் சிறுமியாயினும், சாஸ்திரத்தின் பெயரால் உட்காரவைத்து மழித்து, மயிர்க்கால்கள் மீண்டும் தளிர்க்குந்தோறும் மீண்டும் மழித்து, ஆயுள் முழுவதும் அந்தக் கோலத்தில் மூலையில் அமர்த்திய கொடுமையைச் செய்தவர்களும், அதே திருப்பதியில் முடி கொடுத்துப் பரவசம் அடைந்தவர்களும் பல குடும்பங்களில் ஒருவரேயாக இருந்தனர். அதே கத்தி, அதே ஐந்து அடுக்குத் தோல், அதே வலியின்மை. சரீர சாஸ்திரிக்கு இரண்டினிடையே யாதொரு பேதமும் தெரியாது. ஆயினும் ஒன்று அர்ப்பணம், மற்றொன்று அபகரிப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மராட்டிய நாட்டிலே, ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சேர்ந்தோர் நாவிதர்களைத் திரட்டி, விதவைகளின் தலையில் இனிக் கத்தி வைப்பதில்லை என்று மறுக்கச் செய்தார்கள். சாஸ்திரம் கற்ற பலருக்குத் தோன்றாத தர்மம், கத்தி பிடித்த கைகளுக்குத் தோன்றியது. நம் சென்னையிலே, பால்ய விதவையாகியும் பெற்றோரின் துணையால் கல்வி கற்று 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலக்ஷ்மி, திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் அத்தகைய சிறுமிகளுக்கு இல்லம் நடத்தி அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார். சமயத்துக்கு விரோதமான செயல் என்று அன்று அவரைத் தூற்றியவர்களைவிட அவரே சமயத்தின் உயிரை அறிந்தவர் என்பது என் துணிபு.

பச்சிளங் குழந்தையின் முதல் முடியை இறக்குவது இந்த அபகரிப்பு வகையைச் சேர்ந்ததல்ல. தாய்மாமன் மடியில் வீரிட்டழும் குழந்தையின் உச்சிக்குழி, எலும்பு கூடாமல், சவ்வும் தோலும் மாத்திரம் மூட, நாடியோடு துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் அது மூடிக்கொள்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது நாவிதர் மூச்சையும் அடக்கிக்கொண்டு கத்தியைப் பூவைப்போல் நகர்த்துவார். பிராணன் உள்ளே புகுந்த வாயில் அது என்றும், யோகியின் பிராணன் வெளியேறும் பிரமரந்திரம் அது என்றும் நம் முன்னோர் கொண்டிருந்தனர். அங்கே நன்றி செலுத்துவோர் பெற்றோர். பிள்ளைக்கு அப்போது காக்கவேண்டிய தோற்றமும் இல்லை, பறிபோகும் மானமும் இல்லை. ஆகையால் அதில் குற்றம் காண்பதற்கு நான் முன்வரமாட்டேன்.

ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, கண்ணாடி முன் நின்று தானே பின்னலிட்டுக்கொள்ளும் வயதை அடைந்தபின் நிலைமை வேறு. தேர்வில் தேற வேண்டும் என்றோ நோய் தீர வேண்டும் என்றோ தாய் வேண்டிக்கொண்ட வேண்டுதலுக்காக, பன்னிரண்டு வயதுப் பெண் அழுதுகொண்டே மனைமீது உட்காருவதை இன்றும் எந்தத் திருத்தலத்திலும் காணலாம். பக்கத்தில் தாய் அவளுடைய தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தத் தாய்மார்களையும் தந்தையரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: மலை ஏறுவதற்கு முன்பு வீட்டிலேயே அந்தப் பெண்ணைக் கேளுங்கள். அவள் மனமுவந்து இசைந்தால் அழைத்துச் செல்லுங்கள். இசையாவிட்டால், வேண்டிக்கொண்டவர் நீங்களாகையால், அந்த மனைமீது நீங்களே உட்காருங்கள்.